என் மகன் அழும் காட்சி

1

என் கணவர் கடைசியாக என்னிடம் சொன்ன வாக்கியம்: "சோப்பு தீந்துபோச்சு."

குளியலறைக்குள்ளிருந்து சொன்னார். நான் "சரி" என்றேன். துவட்டிக்கொண்டு வந்தார், சட்டையை மாட்டினார், எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஒரே காரை எடுத்துக்கொண்டு போனார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கடைசியா என்னம்மா சொன்னாரு?" நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். "பையன நல்லா பாத்துக்கன்னு சொன்னாரு" என்றேன். கூடம் முழுக்க அழுதது. சோப்பு என்று சொல்லியிருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். சோப்புக்காக அழுதவள் நான் ஒருத்திதான், அதுவும் வேறொரு நாள், கடையில்.

[ஆக, இந்தக் கதையில் நான் செய்த முதல் கற்பனை அன்றைக்கே அரங்கேறிவிட்டது. நல்ல வரவேற்பும் கிடைத்தது.]

இனி, இதை எழுத நேர்ந்த காரணம். இது ஒரு வீட்டுப்பாடம். என்னுடையது இல்லை, என் மகனுடையது. அவன் பள்ளியில் பிள்ளைகளின் மனநலத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியை இருக்கிறார். பிள்ளைகள் வைத்த பெயர் கவுன்சிலிங் மிஸ். நல்ல பெண், மெதுவாகப் பேசுவார். அவர்தான் என் மகனை அழைத்து, "அப்பாவப் பத்தி உனக்கு என்ன தோணுதோ ஒரு பக்கம் எழுதிட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"மா, இத நீ எழுதிடேன்" என்றான்.

"உனக்குத் தோணுறத நான் எப்படிடா எழுதறது?"

"நீதான புக்கா படிச்சுத் தள்ற. உனக்கு வரும்."

"என்ன தோணுதுன்னாவது சொல்லு."

யோசித்தான். "ஒண்ணும் தோணலன்னு எழுது. ஆனா கொஞ்சம் பெருசா எழுது மா. ஒரு பக்கம் வரணும்."

எனக்கு ஆச்சரியமாக இல்லை. உணர்ச்சிகளைப் பெண்கள் கையில் கொடுத்தனுப்புவது நான் வாழ்க்கைப்பட்ட வீட்டின் வழக்கம். என் கணவருக்கு அவர் அண்ணன் மேல் மனவருத்தம் வந்தால், "நீ அண்ணிகிட்ட சொல்லு, அண்ணி அண்ணன்கிட்ட சொல்லிக்குவாங்க" என்பார். அண்ணனின் பதிலும் அதே பாதையில் திரும்பி வரும். ஒருமுறை அண்ணியும் நானும் அவர்கள் சார்பில் சண்டை போட்டு, அவர்கள் சார்பிலேயே சமாதானமும் ஆகிவிட்டோம். இரண்டு ஆண்களுக்கும் விஷயமே தெரியாது.

2

கதாநாயகனை அறிமுகப்படுத்த வேண்டும்.

அவனுக்குப் பதிமூன்று வயது. பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்ததால் அவன் அப்பா வைத்த பெயர் ரிவர்ஸ். பள்ளியில் வேறு பெயர் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. அவனுடைய பெரிய கண்களில் ஒரு சொல்ல முடியாத —

வேண்டாம். அவன் கண்கள் சாதாரண அளவுதான். அப்பாவை இழந்த பையன் என்றதும் என் பேனா கண்களைப் பெரிதாக்கப் பார்க்கிறது.

அப்பா இறந்த அன்று அவன் சுவரோரம் நின்றிருந்தான். அவனுடைய பெரியப்பா, அதாவது என் கணவரின் அண்ணன், அதுவரை நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவனோடு ஒரு நாற்காலியின் உடைந்த காலுக்காக வாதாடிக்கொண்டிருந்தவர், நேராக வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"அழக்கூடாது, என்ன? இனிமே நீதான் இந்த வீட்டுக்கு ஆம்பள. அம்மாவ நீதான் பாத்துக்கணும். ஒன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

"சரி பெரியப்பா" என்றான்.

இப்படிச் சொல்லும் பெரியவர்கள் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். கேட்ட பையன் போவதில்லை. என் மகன் மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டான். வாசல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தான். அடுப்பின் எரிவாயுவை மூடினோமா என்று என்னையே குறுக்கு விசாரணை செய்தான். யார் கதவைத் தட்டினாலும், "நான் பாக்கறேன், நீ உள்ள இரு" என்றான். குரல் இன்னும் உடையவில்லை. கதவுக்கு வெளியே நின்ற கூரியர்காரர் "பாப்பா, அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டார். அன்று முழுக்க வீட்டு ஆம்பளை என்னோடு பேசவில்லை.

பிறகு கார். என்னிடமும் கற்றுத்தரும் உரிமம் உண்டு. பெண்கள் வந்தால் நான் போவேன், மற்றவர்களுக்கு அவர் போவார். இப்போது எல்லோருக்கும் நானே. பள்ளி விட்டதும் ரிவர்ஸ் நேராக வந்து காரில் ஏறிவிடுவான். பாடம் நடக்கும்போது பின் இருக்கையில் இருப்பான். பாடம் முடிந்து நான் வீட்டுக்கு ஓட்டும்போது முன்னால் வந்து பயிற்சியாளர் இருக்கையில் உட்காருவான். பயிற்சிக் காரில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பயிற்சியாளரின் கால் எப்போதும் அதன் மேல் தயாராக இருக்கும். வீடு வந்து சேரும்வரை என் மகனின் கால் அதன் மேல்தான். இரண்டாவது பிரேக் என்பது பெற்றோருடைய —

நிறுத்திக்கொள்கிறேன். ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவள் கதை எழுதினால் இதுதான் ஆபத்து. உவமைகள் கை காட்டாமலே ஏறிக்கொள்கின்றன.

அவன் வகுப்பு மலைப்பக்கம் சுற்றுலா போகிறது. "நான் வரலன்னு சொல்லிட்டேன்" என்றான்.

"ஏன்டா?"

"நான் போனா கதவ யாரு பாக்கறது?"

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அந்த ஆம்பளை வளர்ந்தால் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். அவன் பெரியப்பாவைப் போல நாற்காலிக் காலுக்காக வாதாடிக்கொண்டிருப்பார். கூடப் பிறந்தவன் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் காரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார். நான் அதற்குத்தான் பிள்ளை வளர்க்கிறேனா?

3

எனவே அவனை அழ வைப்பது என்று முடிவு செய்தேன்.

கவுன்சிலிங் மிஸ்ஸும் அதையேதான் சொன்னார். "உள்ளயே அடக்கி வெச்சா ஒருநாள் வெடிச்சிடும்ங்க. வெளிய வரணும். வீட்ல அழறதுக்கு இடம் குடுங்க."

இடம் கொடுத்தேன். அவன் உட்காரவில்லை.

முதலில் வெங்காயம். மலிவான தந்திரம்தான், ஆனால் ஆரம்பிக்க ஏதாவது ஒரு சாக்கு வேண்டாமா? கண்ணீர் வர ஆரம்பித்துவிட்டால் துக்கம் வழி தெரிந்து பின்னாலேயே வந்துவிடும் என்பது என் கணக்கு. "கொஞ்சம் நறுக்கிக் குடுடா" என்றேன். உள்ளே போய் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தான். ஒரே அளவாக நறுக்கி வைத்துவிட்டுப் போனான்.

அடுத்து சோகப் படம். நாய் செத்துப்போகும் படம், பக்கத்து வீட்டு அக்கா சிபாரிசு. சோபாவில் ஒட்டி உட்கார்ந்து பார்த்தோம். நாய் சாவதற்கு முன்பே நான் உடைந்துவிட்டேன். அவன் படத்தை நிறுத்தினான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினான்.

"மா, இது உனக்கு ஒத்துக்கல. வேற ஏதாவது பாக்கலாம்."

பிறகு நேரடித் தாக்குதல். "கண்ணா, அம்மாகிட்ட அழலாம்டா. அழுறது தப்பே இல்ல."

"தெரியும் மா."

"அப்புறம் ஏன் அழ மாட்டேங்கற?"

"ஏன் எல்லாரும் என் கண்ணையே பாக்கறீங்க?" என்றான். கோபமாகக் கூட இல்லை. களைப்பாக. "பெரியப்பா வந்தா அழுதிருக்கனான்னு பாக்கறாரு. மிஸ் அழுவனான்னு பாக்கறாங்க. நீயும் பாக்கற. மூஞ்ச எங்கதான் வெச்சுக்கறது?"

[வாசகர்களே, நீங்களும்தான். தலைப்பைப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்.]

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது, பெருமைப்படும்படி இல்லை. பெரியப்பா அழாதே என்று உத்தரவு போட்டார். நான் அழு என்று உத்தரவு போட்டேன். முற்போக்கு, பிற்போக்கு என்று நாங்கள் இருவரும் எதிரெதிர் திசையில் நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பையனின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறோம்: அவன் முகத்துக்கு நேரே.

4

இந்தப் பகுதியை நீக்கிவிட்டேன். இதில் என் கணவர் எப்படி இறந்தார் என்று எழுதியிருந்தேன். பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானம். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு டெய்லர். வலி வந்ததும் என் கணவர் தன் பக்கத்து பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்திவிட்டார். அதுதான் கடைசி. ஓட்டியவருக்கு ஒரு கீறல் கூட இல்லை.

அத்தனையும் உண்மை. அதனால்தான் நீக்கினேன். சாகும் தறுவாயில் பிரேக் போடும் ஓட்டுநர் ஆசிரியர் என்று கதையில் எழுதினால், "ரொம்ப ஜோடிச்சிட்டாங்க" என்பீர்கள்.

5

ஆனால் டெய்லரை நீக்க முடியாது. அவர் திரும்பி வந்துவிட்டார்.

ஆறடி ஆள். எங்களிடம் படிக்க வந்தவர்களிலேயே பெரிய மீசை. பக்கத்துத் தெருவில் பள்ளிச் சீருடை தைக்கிறார். துக்கத்துக்கு வந்து போன பிறகு எங்கள் வீட்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் மாறி நடந்தவர், ஒரு மாலை வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்க முடியாமல் என் மகனின் காலைப் பார்த்தார்.

"தம்பி, பேன்ட்டு மேல ஏறிப்போச்சே. கொண்டாந்து குடு, மடிப்பப் பிரிச்சு இறக்கித் தரேன்." பிறகு என்னிடம், "மேடம், மிச்ச கிளாஸ முடிச்சிடலாம்னு... உங்களுக்குச் சங்கடமில்லன்னா."

"வாங்கண்ணே" என்றேன்.

அவர் ஓட்ட, நான் பக்கத்தில், ரிவர்ஸ் பின்னால். சமதளத்தில் நன்றாகத்தான் ஓட்டினார். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏற்றத்தில் வண்டி அணைந்தது. மறுபடி கிளப்பினார். மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன். இன்னொரு முறை அணைந்தபோது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மீசை நடுங்கியது.

"முடியல மேடம். பிரேக்குல கால வெச்சாலே சார் காலு ஞாபகம் வருது."

அழ ஆரம்பித்துவிட்டார். சத்தமாக. காரில் அழுத பெண்களை நான் சமாளித்திருக்கிறேன். மீசைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அங்கிள். ஹேண்ட்பிரேக் போடுங்க மொதல்ல."

போட்டார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணி, மெதுவா ஓரங்கட்டுங்க. கட்டிட்டு அழுங்க. ஓட்டிக்கிட்டே அழக்கூடாது."

அது அவன் அப்பாவின் விதி. கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் எவ்வளவு அழுவார்கள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. வங்கி மேலாளர் அழுதிருக்கிறார், போலீஸ்காரர் ஒருவர் தேம்பியிருக்கிறார். ஊரில் வேறெங்கும் அழ முடியாதவர்கள் ஏற்றத்தில் வண்டி அணைந்தால் அழுதுவிடுகிறார்கள். என் கணவர் டேஷ்போர்டின் முன்பெட்டியில் காகிதக் கைக்குட்டை வைத்திருப்பார். "அழறதுக்குத் தடை இல்ல, ஓட்டிக்கிட்டே அழறதுக்குத்தான் தடை" என்பார். சின்ன வயதில் பின் இருக்கையில் தூங்குவதுபோல் கிடந்த பையன் இதையெல்லாம் கேட்டிருக்கிறான்.

டெய்லர் ஓரங்கட்டினார். அன்றைய பாடத்திலேயே அதைத்தான் சரியாகச் செய்தார். ரிவர்ஸ் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டி, முன்பெட்டியைத் திறந்து, கைக்குட்டைகளை எடுத்து நீட்டினான். அவர் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை காத்திருந்தான்.

"அங்கிள், அப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

நான் டெய்லரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கூடத்தில் நான் சொன்ன வாக்கியத்தைத் துக்கத்துக்கு வந்த அவரும் கேட்டிருப்பார். அதையே சொல்லிவிடுவார் என்று பயந்தேன், சொல்லிவிட மாட்டாரா என்றும் நினைத்தேன்.

"திட்டினாரு தம்பி."

"என்னன்னு?"

"'யோவ், அது கிளட்ச்சுய்யா. உன் தையல் மிஷின் இல்ல, நீ பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே இருக்க'ன்னாரு."

என் மகன் சிரித்தான். லேசாகத்தான் தொடங்கினான். அப்புறம் நிறுத்த முடியவில்லை. "மிஷினா! மிஷின்னாரா!" என்று முன் இருக்கையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். டெய்லரும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். என் கணவரின் குரல் அப்படியே அந்த வாக்கியத்தில் இருந்தது. இத்தனை மாதங்களாக எங்கள் வீட்டில் ஒரு மகான் அல்லவா செத்துப் போயிருந்தார். இப்போதுதான் அவரே வந்தார்.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் அவரு பக்கம் பிரேக்க போட்டாரு. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு 'சாரி சார்'னேன். பதிலே வரல."

ரிவர்ஸ் முன்பெட்டியை மூடினான். டெய்லர்தான் கேட்டார், மெதுவாக. "நீ அழுதியா தம்பி?"

"எப்பிடி அங்கிள்? பெரியப்பா வீட்ட என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாரே. நடுவுல எங்க நிறுத்தறது?"

[இந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் எழுதியிருந்தால், உவமை அதிகம் என்று அடித்திருப்பேன்.]

6

டெய்லரை அவர் கடையில் இறக்கிவிட்டு நான் ஸ்டியரிங்குக்கு மாறினேன். ரிவர்ஸ் வழக்கம்போல் முன்னால் வருவதற்குக் கதவைத் திறந்தான்.

"நீ பின்னாடியே இரு" என்றேன்.

"ஏன்?"

"நான் ஓட்டிக்கறேன்."

"பிரேக்கு?"

"என் பக்கமும் ஒண்ணு இருக்குடா."

கதவைப் பிடித்தபடி நின்றான். சாலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வேலையை விடுவதற்கு முன் மேலதிகாரியைச் சோதிக்கிற பார்வை.

"பெரியப்பாகிட்ட?"

"நான் சொல்லிக்கறேன். அண்ணி மூலமா இல்ல, நேராவே சொல்றேன். வீடு என்னோடது, சாவி என்கிட்ட இருக்கு, அவன் படிக்கற பையன்னு."

"திட்டுவாரு."

"திட்டட்டும். கார் கழுவறத விட நல்லதுதான் அவருக்கு."

பின் இருக்கையில் ஏறினான். சின்ன வயதில் படுப்பதுபோல் காலை மடக்கிப் படுத்துக்கொண்டான். இப்போது நீளம் போதவில்லை. நான் வண்டியைக் கிளப்பினேன். கிளப்புவதற்கு முன், உள்ளே இருக்கும் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கும்படி மேலே திருப்பிவிட்டேன்.

விதிப்படி இது தவறு. மாணவர்கள் யாரும் என்னைப் பின்பற்ற வேண்டாம். பின்னால் வரும் வண்டிகளைப் பக்கக் கண்ணாடிகளில் பார்த்துக்கொண்டேன். பின் இருக்கையைப் பார்க்கவில்லை. வானொலியைப் போட்டேன், யாரோ பங்குச் சந்தை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், அவரைச் சத்தமாக வைத்தேன். வீட்டுக்கு நேர்வழியை விட்டுவிட்டு, ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினேன். ஏன் சுற்றுகிறாய் என்று அவன் கேட்கவில்லை.

தலைப்பில் நான் வாக்களித்த காட்சி இங்கேதான் வர வேண்டும். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவன் பாலத்தின் மேல் உடைந்து அழுகிறான், மாலை வெளிச்சம் ஆற்றில் படுகிறது. வெளிச்சத்தை அடித்தேன், பிறகு பாலத்தை அடித்தேன், காட்சியே நிற்கவில்லை. இன்னொன்றில் அவன் அழவே இல்லை, களைப்பில் தூங்கிப்போகிறான். மூன்றாவதில் வீட்டு வாசலில் பெரியப்பா நிற்கிறார், அவனைக் கட்டிக்கொண்டு அவர் அழுகிறார். அதைப் படித்து நானே சிரித்துவிட்டேன். அவர் இன்னும் நாற்காலிக்காரனோடு பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறார்.

எது நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கண்ணாடியைத் திருப்பியவள் நான். உங்களுக்கு அவசியம் வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எழுதியதை அவனிடம் காட்ட வேண்டாம்.

ஆனால் நான் காட்ட வேண்டியிருந்தது, அவன் வீட்டுப்பாடமாயிற்றே. இன்று காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், சீருடையில் பாதியும் துண்டில் பாதியுமாக நின்று படித்தான். பேன்ட் இப்போது கணுக்காலை மறைக்கிறது.

"ஒரு பக்கம்தான மா கேட்டாங்க? இத எவன் படிப்பான்?"

"பாக்கலாம்."

"கூரியர்காரர் மேட்டர எடுத்துடு."

"அது நல்லா இருக்குடா."

"மா!"

"சரி, பாக்கறேன்." [எடுக்கவில்லை.]

கடைசிப் பக்கத்துக்கு வந்தான். அதை இரண்டு முறை படித்தான். "கார்ல நான் அழுதனா இல்லையான்னு போடல?"

"எனக்குத் தெரியாதே."

"ம்."

"போடணுமா?"

"வேணாம்" என்றான். காகிதங்களை அடுக்கி மேசையில் வைத்தான். "சுத்துலாவுக்குப் பேர் குடுத்திருக்கேன். வேணாம்னு தோணுனா அடிச்சுக்கலாம்னு மிஸ் சொன்னாங்க." சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பல் துலக்கப் போய்விட்டான்.

நான் அவன் பின்னால் போகவில்லை. மேசையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போவானா, அடித்துவிடுவானா, எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், அதற்கு வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன். பல் துலக்கும்போது குழாயை மூடும் பழக்கம் அவனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவன் அப்பா கத்திய நாட்களிலும் இல்லை, வீட்டுத் தாழ்ப்பாள்களையெல்லாம் இழுத்துப் பார்த்துக்கொண்டு திரிந்த மாதங்களிலும் இல்லை. இப்போதும் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தச் சத்தத்துக்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை.